இரண்டாவது அழைப்பு: இளம் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் பேச்சாளர்களே,

கல்லூரியில் பேச்சுப் போட்டிக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு வந்தவர்கள் நீங்கள். பகலில் ஓர் அலுவலகம், மாலையில் ஒரு மேடை என்று இந்த ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். கோயில் உற்சவம், குடியிருப்போர் சங்க ஆண்டு விழா, மகளிர் தினம், புத்தகக் காட்சியின் மாலை நிகழ்ச்சி, பட்டிமன்றத்தில் எதிரணியின் கடைசிப் பேச்சாளர் என்று எங்கே கூப்பிட்டாலும் போகிறீர்கள். பெசன்ட் நகரில் ஒரு நவராத்திரி விழாக் குழுவில் பல ஆண்டுகளாக இருப்பவள் நான். உங்களைப் போலவே மேடையில் பேசி வாழ்ந்தவளும்கூட. உங்களில் பலர் பேசிக் கேட்டிருக்கிறேன். நன்றாகப் பேசுகிறீர்கள். சிலர் மிக நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் ஒருமுறை பேசிய இடத்தில் மறுமுறை உங்களைக் காண முடிவதில்லை. அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். “எல்லா மேடையும் அதே பத்துப் பேருக்குத்தான் மேடம். நமக்கு யாரைத் தெரியும்?” என்று உங்களில் ஒருவர் என்னிடமே கேட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் மேடை பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகத்தான் வருகிறது. செயலாளரோடு ஒரே வங்கியில் வேலை பார்த்தவர், தலைவரின் மருமகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், பொருளாளரோடு காலையில் கடற்கரையில் நடப்பவர் என்று ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் அறிமுகம் இருக்கும். செய்யாறிலிருந்தோ அருப்புக்கோட்டையிலிருந்தோ வந்து, திருவான்மியூரில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கும் உங்களுக்கு அப்படிச் சொல்லிவிட ஆள் கிடையாது. இது உங்கள் குற்றமில்லை.

ஆனால் அதுவே முழுக் காரணமும் இல்லை. உங்கள் பெயர் எப்படி விட்டுப் போகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதை அப்படியே சொல்கிறேன்.

நவராத்திரிக்கான பட்டியலை ஆடி மாதத்திலேயே போட ஆரம்பித்துவிடுவோம். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். போன வருட அழைப்பிதழ் ஒன்றை யாராவது கொண்டு வருவார். அதில் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே போவோம். “ஏழாம் நாள் பேசிச்சே ஒரு பொண்ணு, நெத்தியில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அது யாரு?” என்பார் ஒருவர். அழைப்பிதழில் ‘சிறப்புச் சொற்பொழிவு’ என்று மட்டும் இருக்கும். கடைசி நேரத்தில் வேறொருவருக்குப் பதிலாக வந்திருப்பார் அந்தப் பெண். எண் யாரிடம் இருக்கிறது என்று தேடுவோம். பழைய செயலாளரின் போனில் ‘ஸ்பீக்கர் நவராத்திரி’ என்று ஒரு எண் இருந்ததாம். அவரோ மகள் வீட்டுக்குப் பெங்களூர் போய்விட்டார். ஐந்து நிமிடம் பேசுவோம். “சரி, நேரமாச்சு, வழக்கமா வர்றவரையே போட்டுடுங்க” என்று முடித்துவிடுவோம். அங்கே யாருக்கும் உங்கள்மேல் மனத்தாங்கல் இல்லை. உங்களை ஒதுக்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. உங்கள் பேச்சு நினைவில் இருந்தது. பெயரும் எண்ணும் இல்லை, அவ்வளவுதான்.

“வழக்கமாக வருகிறவர்” எப்படி வழக்கமானவர் ஆனார் என்று யோசித்திருக்கிறீர்களா? அவர் போன வருடம் பேசிவிட்டுப் போன மூன்றாம் நாளே செயலாளரை அழைத்து, மைக் பிடித்த பையன் வரைக்கும் விசாரித்தார். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து. நடுவில் பொருளாளரின் அம்மா தவறியபோது வீட்டுக்கே வந்துவிட்டுப் போனார். உங்களைவிட அவர் பேச்சு உயர்ந்ததா என்று கேட்டால் பல நேரம் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பட்டியல் போடும் சாயங்காலத்தில் அவர் பெயர் எல்லோர் வாயிலும் வருகிறது.

இந்த இடத்தில் உங்களில் பலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. “கேட்டு வாங்குவதா? நன்றாகப் பேசினால் அவர்களே கூப்பிட மாட்டார்களா?” புலமை என்றால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும், யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்று நமக்குள் ஓர் எண்ணம் ஊறியிருக்கிறது. அதற்கு நம் பழைய புலவர்களையே சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புறநானூற்றைத் திறந்து பாருங்கள். பரிசில் தரத் தாமதிக்கும் தலைவனிடம் நினைவூட்டிக் கேட்பதற்கென்றே பரிசில் கடாநிலை என்று ஒரு துறை இருக்கிறது. கேட்பது அங்கே இலக்கணத்துக்கு உட்பட்ட செயல். ஔவையார் அதியமானிடம் மறுபடி மறுபடி போகிறார். பல நாள் பலரோடு சென்றாலும் முதல் நாள் காட்டிய அதே விருப்பத்தோடு அவன் வரவேற்பதை 101ஆம் பாட்டில் போற்றுகிறார். அதே அதியமான் தாமதித்தபோது வாயில்காவலனிடம் கோபித்துப் பேசுவதும் அதே ஔவையார்தான். பெருஞ்சித்திரனாரோ, தன்னை நேரில் பார்க்காமல் அதியமான் அனுப்பிய பரிசிலை வேண்டாம் என்று திருப்பினார். மறுபடி போவது, நினைவூட்டுவது, மரியாதை குறைந்தால் மறுப்பது, இந்த மூன்றும் ஒரே மனிதருக்குள் இருக்கலாம் என்பதைத்தான் அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். நீங்கள் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் இரண்டையும் விட்டுவிட்டீர்கள்.

கிருபானந்த வாரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் பக்கத்துக் காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்து, 1993இல் மறையும்வரை தமிழ்நாட்டில் அவர் கால் படாத ஊர் குறைவு. ஒரே ஊரில் நாள்கணக்கில் தொடர் சொற்பொழிவு செய்வார். இன்று நிறுத்திய இடத்தில் நாளை தொடங்குவார். ‘திருப்புகழமிர்தம்’ என்ற மாத இதழையும் பல ஆண்டுகள் நடத்தினார். இதழ் பக்திப் பணிதான். ஆனாலும் அது செய்த இன்னொரு வேலையைக் கவனியுங்கள். பேச்சு முடிந்து அவர் ஊரைவிட்டுப் போன பிறகும், அடுத்த முறை வரும்வரை, அந்த ஊரின் சில வீடுகளுக்குள் அவர் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தார். கோயில் திருப்பணிக்கு நிதி வேண்டும் என்று கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்கவும் அவர் தயங்கியதில்லை. அவர் மதிப்பு அதனால் ஓர் அணுவும் குறையவில்லை.

நம் பேட்டைக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட் அம்மையாரும் பேச்சாளர்தான். பேச வேண்டும் என்ற ஆசையில், 1873இல், கணவர் பாதிரியாராக இருந்த சிற்றூர்த் தேவாலயத்தில், ஆளில்லாத நேரத்தில் பிரசங்க மேடை ஏறி வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் பேசிப் பார்த்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1893இல் இந்தியா வந்த பிறகு ஊர் ஊராகப் பேசினார். பேசிய ஊரில் பேச்சு காற்றோடு போகாதபடி அவர் சார்ந்த அமைப்பின் கிளைகளும் சங்கங்களும் இருந்தன. 1914இல் ‘நியூ இந்தியா’ நாளேட்டைத் தொடங்கினார். அதே ஆண்டு இளைஞர்களுக்கென ஓர் இந்தியர் சங்கத்தையும் ஏற்படுத்தினார். அரண்மனைக்காரன் தெருவில் அதற்கென்று எழுந்ததுதான் கோகலே மண்டபம். எத்தனையோ கூட்டங்கள் அங்கே நடந்தன. நாளேடு வேண்டாம், மண்டபம் வேண்டாம். பேசிய பின்னும் அந்த ஊரோடு ஒரு நூல் அறுபடாமல் இருக்க வேண்டும் என்ற அக்கறையை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பேச்சாளர்களுக்கு மேடை ஏற்பாடு செய்து தரும் வேலைக்கென்றே 1868இல் பாஸ்டனில் ஜேம்ஸ் ரெட்பாத் என்பவர் ஒரு நிறுவனம் தொடங்கினார். எந்த ஊரில் எந்தச் சங்கம் சொற்பொழிவுத் தொடர் நடத்துகிறது, யாருக்கு என்ன கட்டணம், எந்தத் தேதி காலி என்பதையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மார்க் ட்வெயின் அவர்கள் மூலமாக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நமக்கு அப்படி ஒரு வழக்கம் வேர்விடவில்லை. தொலைக்காட்சியில் பெயர் வாங்கிய சிலருக்கு உதவியாளர்கள் இருக்கலாம். உங்களுக்கு நீங்களேதான் ரெட்பாத். இந்த வேலையை நீங்கள் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப் போவதில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? நான் பார்த்தவரைக்கும் சொல்கிறேன்.

பேச்சு முடிந்ததும் ஓடாதீர்கள். பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, கவரைக் கையில் கொடுத்ததும் உங்கள் ஆட்டோ வந்துவிடுகிறது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களைச் சொல்லவில்லை. மற்றவர்கள் கால் மணி நேரம் நில்லுங்கள். சுண்டல் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள். மேடையில் உட்கார்ந்திருந்த தலைவர் பெரும்பாலும் அடுத்த பேச்சாளரைத் தீர்மானிப்பவர் இல்லை. உங்களுக்கு முதன்முதலில் போன் செய்தவர், மேடைக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு ஓடிக்கொண்டிருந்தவர், நன்றியுரையில் அவசரமாக நான்கு வார்த்தை சொன்னவர், இவர்களில் ஒருவர்தான் அதைத் தீர்மானிக்கிறார். அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் பொறுப்பு மாறினால் யாரிடம் பேசலாம் என்று அவரிடமே கேளுங்கள். ரோட்டரி சங்கங்களில் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. புதுத் தலைவர், புதுச் செயலாளர் வந்துவிடுவார்கள். பிப்ரவரியில் உங்களைக் கொண்டாடியவருக்கு ஆகஸ்டில் அதிகாரம் இருக்காது. ஜூன் மாதத்துக்குள் அவரே புதியவரிடம் உங்கள் பெயரைச் சொல்லும்படி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது கடிதம். வாட்ஸ்அப்பிலேயே அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் அது கடிதமாக இருக்கட்டும். ஒரு வாரத்துக்குள் போகட்டும். இரண்டு கைகூப்பிய படமும் “நன்றி ஐயா”வும் போதாது. எங்கள் குழுவுக்கு வந்தால் நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய கடிதம் எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டுகிறேன்:

“மதிப்பிற்குரிய செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை உங்கள் விழாவில் மணிமேகலையைப் பற்றிப் பேசினேன். முடிவில் முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், அமுதசுரபி ஆபுத்திரன் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். நேரம் இல்லாததால் ஒரே வரியில் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஆபுத்திரன் கதையே தனியாக ஒரு மணி நேரத்துக்கு உரியது. அடுத்த ஆண்டு வாய்ப்பு இருந்தால் அதைப் பேச விரும்புகிறேன். அன்று என் பேச்சு ஐந்து நிமிடம் நீண்டதில் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் காத்திருக்க நேர்ந்தது. இனி அப்படி நேராமல் பார்த்துக்கொள்கிறேன். நிகழ்ச்சிப் படங்கள் இருந்தால் அனுப்பி வையுங்கள். ஆடி மாதம் ஒருமுறை அழைக்கிறேன். அன்புடன்,” என்று பெயர், எண்.

இதில் புகழ்ச்சி இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆனால் நான் பார்க்கும் விஷயங்கள் பல இருக்கின்றன. எந்த நாள், எந்தத் தலைப்பு என்பது இருப்பதால் அடுத்த செயலாளர் படித்தாலும் ஆள் யார் என்று புரிந்துவிடும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்வியைப் பிடித்து அடுத்த பேச்சை எங்களுக்கென்றே தைத்துக் கொடுத்திருக்கிறது. நேரம் நீண்டதை நாங்கள் சொல்லும் முன்பே சொல்லிவிட்டது. எப்போது மறுபடி அழைப்பேன் என்றும் சொல்லிவிட்டது. ஆகவே அந்த அழைப்பு தொந்தரவாகத் தோன்றாது, சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகத்தான் தோன்றும்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது, குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பதை விழாவின் ஒழுங்காகவே வைத்தார். அந்த விழாவின் கடிகார ஒழுங்கைப் பற்றிப் பழைய பேச்சாளர்கள் இன்றும் பேசுவார்கள். உங்கள் பேச்சில் எந்த உவமை அழகாக இருந்தது என்பதை அமைப்பாளர் மறந்துவிடலாம். ஒன்பது மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டியிருக்க, எட்டு ஐம்பதுக்கும் நீங்கள் “இறுதியாக ஒன்று” என்று ஆரம்பித்ததை மறக்கவே மாட்டார்.

இன்னொன்று, எங்களுக்கு எப்போது ஆள் தேவைப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் மத்திய அரசு அலுவலகங்கள் பல இருக்கின்றன. அக்டோபர் 31ஐ ஒட்டி மத்திய அரசு அலுவலகங்களில் ஊழல் ஒழிப்பு விழிப்புணர்வு வாரம் வரும். மார்ச் 8இல் மகளிர் தினம். இந்த நாள்களில் நேர்மையைப் பற்றியோ பெண்களின் வேலை வாழ்க்கையைப் பற்றியோ முக்கால் மணி நேரம் உருப்படியாகப் பேச ஓர் ஆள் கிடைக்காமல் அலுவலர்கள் தவிப்பார்கள். ஆகஸ்ட் 22ஐ ஒட்டி மெட்ராஸ் வாரம். இந்த ஊரின் வரலாற்றில் ஏதேனும் ஒரு மூலையை நீங்கள் உழைத்துப் படித்திருந்தால் அப்போது உங்களுக்கு இடம் உண்டு. சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடக்கும் ‘பொன்மாலைப் பொழுது’ பேச்சுகளுக்குப் போய் உட்காருங்கள். பேச வேண்டும் என்றில்லை, பத்து அமைப்பாளர்களை அங்கே பார்வையாளர் வரிசையில் பார்க்கலாம். 2022 முதல் மாவட்டந்தோறும் அரசு நடத்தும் புத்தகத் திருவிழாக்களில் ஒவ்வொரு மாலையும் மேடை இருக்கிறது. போன முறை பேசிய மாவட்டத்தில் அடுத்த முறை ஆட்சியரே மாறியிருக்கலாம். ஆனால் நூலகத் துறையில் உங்களை வரவேற்று உட்கார வைத்தவர் அங்கேயே இருக்க வாய்ப்புண்டு. இதையெல்லாம் ஒரு நாட்குறிப்பில் மாதவாரியாக எழுதி வைத்து, அந்தந்த நாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாக அழையுங்கள். விழாவுக்கு முந்தின வாரம் அழைத்தால் “அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

மறுமுறை கூப்பிடும்போது அதே பேச்சை எடுத்துக்கொண்டு வராதீர்கள். இதை மனத்தாங்கலோடுதான் சொல்கிறேன். ஊருக்கு ஒரு பேச்சு என்று சுற்றிவரும் வரைக்கும் ஒரு பேச்சு போதும். ஒரே ஊருக்கு மறுபடி வர வேண்டுமானால் படிக்க வேண்டும். எங்கள் முன்வரிசையில் இருப்பவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியைகள், வங்கி அதிகாரிகள். போன வருட நகைச்சுவைத் துணுக்கு வரும் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது அழைப்பைப் பெற்றுத் தருவது கடிதம். மூன்றாவது அழைப்பு உங்கள் படிப்பால்தான் வரும்.

சில பழக்கங்களை விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அமைப்பாளர்கள் எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்து உங்கள் யூடியூப் இணைப்பைத் தள்ளுவது, காலை வணக்கப் படம் தினமும் அனுப்புவது, பதில் வராவிட்டால் மூன்று கேள்விக்குறி போடுவது, இவையெல்லாம் உங்கள் பெயரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைக்கத்தான் தூண்டும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, சொல்வதற்கு ஏதாவது இருக்கும்போது, அந்த ஒருவருக்கென்று எழுதுங்கள். அதற்கும் பதில் வரவில்லையா? இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். ஒரு வருடம் விட்டுப் பாருங்கள்.

தங்கைகளே, உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெண் வேலை நிமித்தமாக ஒரு செயலாளரை இரண்டு முறை அழைத்தால் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு “சாப்டாச்சா” என்று செய்தி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் பல பெண்கள் பேசிய இடத்தோடு தொடர்பே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் மேடையை இழக்காதீர்கள். குழுவின் பொது மின்னஞ்சலுக்கோ, குழுவில் இருக்கும் பெண் உறுப்பினருக்கோ எழுதுங்கள். இப்போது பல குழுக்களில் அப்படி ஒருவராவது இருக்கிறார். எழுத்தில் இருப்பது உங்களுக்கும் காவல். மரியாதை தவறிய இடத்துக்கு மறுபடி போகவே வேண்டாம், எவ்வளவு பெரிய மேடையாக இருந்தாலும் சரி. உங்களோடு பேசும் மற்றப் பெண்களிடம் அதைச் சொல்லியும் வையுங்கள்.

அமைப்பாளர்கள் செய்ய வேண்டியதைச் செய்கிறார்களா என்று கேட்பீர்கள். செய்வதில்லை, பல இடங்களில். அழைப்பிதழில் பெயரைப் பிழையில்லாமல் போட வேண்டியது எங்கள் கடமை. சன்மானம் எவ்வளவு என்று முன்பே சொல்லி, அன்றே தர வேண்டியதும் கடமைதான். பேச்சாளர்கள் பெயரையும் எண்ணையும் குழுவின் பொதுப் பதிவேட்டில் எழுதி வைத்தால் நான் மேலே சொன்ன அந்தப் பெண் விடுபட்டிருக்கவே மாட்டார். எங்கள் குழுவில் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லுவேன். ஆனால் ஊரில் உள்ள எல்லாக் குழுக்களும் திருந்தும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. நீங்கள் மாதாமாதம் வாடகை கட்டியாக வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடந்த ஓராண்டில் பேசிய இடங்களை எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தத் தலைப்பு, அழைத்தவர் யார், கூட்டத்தில் யாராவது கேட்ட ஒரு கேள்வி, நினைவில் இருக்கும் வரைக்கும் எழுதுங்கள். அதில் உங்களுக்கு மனம் நிறைந்த மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து மூன்று கடிதம் எழுதுங்கள். நாளாகிவிட்டதே என்று கூச வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்த கடிதத்தையும் மகிழ்ச்சியோடுதான் படிப்போம். ஒவ்வொன்றிலும் அடுத்து நீங்கள் பேச விரும்பும் ஒரு தலைப்பைச் சொல்லுங்கள். உங்களுக்குத் தேதி ஒத்துவராவிட்டால், நீங்கள் நம்பும் இன்னொரு இளம் பேச்சாளரின் பெயரையும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். தெரிந்தவர் இல்லாத உங்களுக்கு நீங்களேதான் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஏதேனும் ஓர் இடத்திலிருந்து சொன்ன சன்மானம் இன்னும் வரவில்லை என்றால், அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். நிகழ்ச்சி நடந்த தேதி, பேசிக்கொண்ட தொகை, உங்கள் வங்கிக் கணக்கு விவரம், பான் எண். வரி பிடித்தால் அதற்கான சான்றிதழைத் தரும்படி ஒரு வரி. இவ்வளவும் இருந்தால் போதும், கோபமான ஒரு சொல்லும் வேண்டாம். அதையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
பெசன்ட் நகரிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி